ஒரே மாதத்திற்கு மூன்று கூட்டுத்தொகை

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கும் ஒருவருக்காகக் கடந்த ஆண்டு, தரவை அறிக்கையாக்கிக் காட்டும் பவர் பிஐ மென்பொருளில் இரண்டு அறிக்கைகளைச் செய்து கொடுத்தேன். ஒன்று, விடியுமுன் வியாபாரம் நடந்துகொண்டிருக்கும்போதே முதலாளி தம் கைப்பேசியில் பார்ப்பதற்கு. மற்றொன்று, கடையில் கணக்கு எழுதும் அக்கா சனிக்கிழமைதோறும் வியாபாரிகளின் பாக்கிப் பட்டியலை எடுப்பதற்கு. ஆகஸ்ட் முடிந்து நான்கைந்து நாள் கழித்து முதலாளி அழைத்தார். “தம்பி, போன்ல ஒரு கணக்கு காட்டுது, அக்கா கம்ப்யூட்டர்ல வேற கணக்கு காட்டுது. நான் எதை வச்சு வியாபாரிகிட்டப் பேசுறது?” என்று கேட்டார்.

இரண்டு அறிக்கைகளையும் செய்தவன் நானே என்பதால், பதில் சொல்ல வேண்டியவனும் நானே. “பாத்துட்டுச் சொல்றேண்ணே” என்று மட்டும் அன்று சொன்னேன். அதன்பின் நான்கு நாள் அந்தக் கணக்கோடுதான் உட்கார்ந்திருந்தேன். இதே வேலையைச் செய்யும் மற்றவர்களுக்குப் பயன்படும் என்பதால், நடந்ததை முறையாக எழுதி வைக்கிறேன்.

முதலில் இரண்டு அறிக்கைகளின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். கடையின் பில்கள் யாவும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ஏறுகின்றன. அக்காவின் அறிக்கை இம்போர்ட் முறையில் இருக்கிறது. அதாவது தரவுத்தளத்திலிருந்து தரவைப் பிரதியெடுத்து, வெர்டிபாக் என்னும் தன் சொந்த இயந்திரத்தின் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, அந்தப் பிரதியிலிருந்தே எல்லாக் கேள்விகளுக்கும் விடை சொல்கிறது. முதலாளியின் அறிக்கை டைரக்ட் குவெரி முறையில் இருக்கிறது; அது எதையும் பிரதியெடுத்து வைத்துக்கொள்வதில்லை, ஒவ்வொரு முறை பக்கத்தைத் திறக்கும்போதும் வடிகட்டியைத் தொடும்போதும் கேள்வியை எஸ்கியூஎல் என்னும் தரவுத்தள மொழிக்கு மாற்றித் தரவுத்தளத்துக்கே அனுப்பி விடையை வாங்கி வருகிறது. இரண்டிலும் அளவீடுகளுக்கான சூத்திரம் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. ஆகவே விடையும் ஒன்றாகவே இருக்கும் என்று நானும் நம்பியிருந்தேன். சூத்திரம் ஒன்றாக இருந்தாலும் அதைக் கணக்கிடும் இயந்திரங்கள் இரண்டு என்பதையும், அவை எழுத்தையும் நாளையும் இல்லாத மதிப்பையும் வெவ்வேறு விதமாகப் பார்க்கின்றன என்பதையும் ஏட்டறிவாக மட்டுமே வைத்திருந்தேன்.

ஒப்பிடத் தொடங்கியபோது நான் செய்த முதல் காரியம், நடப்பு மாதத்தைத் தொடாமல் விட்டதுதான். பில் ஏறிக்கொண்டிருக்கும் நாளை எடுத்துக்கொண்டால் வேறுபாடு நிமிடத்துக்கு நிமிடம் மாறும். பிரதி பழையதாக இருப்பதால் வந்த வேறுபாடும் கணக்கிடும் முறையால் வந்த வேறுபாடும் ஒன்றோடொன்று கலந்து, எதையும் பிரித்துப் பார்க்க முடியாது. எனவே முடிந்துபோன ஆகஸ்ட் மாதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அக்காவின் அறிக்கையைப் புதுப்பித்துவிட்டு, இரண்டிலும் மொத்த விற்பனையைப் பார்த்தேன். கைப்பேசி அறிக்கையின் மேலே இருந்த மொத்தம் ரூ. 38,42,610. அக்காவின் அறிக்கையில் ரூ. 38,46,360. கைப்பேசி அறிக்கையிலேயே கீழே இருந்த ஊர்வாரிப் பட்டியலின் வரிகளை நான் தனியாகக் கூட்டியபோது ரூ. 38,06,770 வந்தது. இரண்டு கணக்குகள் பொருந்தவில்லை என்று நினைத்துப் போன எனக்கு மூன்று கணக்குகள் கிடைத்தன.

பில்களின் எண்ணிக்கையைப் பார்த்தேன். இரண்டு அறிக்கைகளிலும் ஒன்றாக இருந்தது. இது மிகவும் பயனுள்ள செய்தி. வரிகள் விடுபடவில்லை, இருமுறை ஏறவும் இல்லை; ஏதோ சில பில்களின் தொகைதான் வேறாக இருக்கிறது. நாள்வாரியாகப் பிரித்தபோது முப்பது நாள்கள் பைசா பிசகாமல் பொருந்தின. பத்தாம் தேதி ஒன்றில் மட்டும் முழு ரூ. 3,750 வேறுபாடு நின்றது. அந்த நாளின் பில்களை எண்வாரியாக வரிசைப்படுத்தி அருகருகே வைத்ததும் ஒரே ஒரு பில் பிடிபட்டது. மல்லி, கிலோ 750 ரூபாய். அக்காவின் அறிக்கையில் எடை 18 கிலோ. கைப்பேசியில் 13 கிலோ.

மறுநாள் கடைக்குப் போய் அந்த நாளின் சிட்டைக் கட்டை எடுத்துத் தரச் சொன்னேன். பூவின் ஈரம் ஏறி உலர்ந்ததால் விறைத்துப்போயிருந்த ஒரு துண்டுச் சீட்டில் நீல மையில் 13 என்று எழுதியிருந்தது. மூன்றின் திறந்த இடப்பக்கத்தில் மை கசிந்து மூடிக்கொண்டதால், பார்ப்பவர் எவருக்கும் அது எட்டாகவே தெரியும். அப்படித்தான் 18 என்று பில் ஏறியிருக்கிறது. ஆறு நாள் கழித்து வியாபாரி வந்து சொல்லவும், அக்கா சீட்டைச் சரிபார்த்து, பில்லைத் திருத்தியிருக்கிறார். தரவுத்தளத்தில் திருத்தம் ஏறிவிட்டது. ஆனால் திருத்திய அக்காவின் அறிக்கைக்கே அது வந்து சேரவில்லை.

காரணம், நான் அந்த அறிக்கைக்கு வைத்திருந்த படிப்படியான புதுப்பிப்பு. முழுத் தரவையும் ஒவ்வொரு முறையும் ஏற்றாமல், பில் தேதியை வைத்துக் கடைசி மூன்று நாள் தரவை மட்டும் மீண்டும் ஏற்றும்படியும், அதற்கு முந்தையவற்றை அப்படியே வைத்துக்கொள்ளும்படியும் அமைத்திருந்தேன். பத்தாம் தேதி பில் பதினாறாம் தேதி திருத்தப்பட்டபோது, அது அந்த மூன்று நாள் எல்லைக்கு வெளியே போய்விட்டது. நான் எத்தனை முறை புதுப்பித்தாலும் அந்த நாளின் பகுதி மறுபடி ஏறாது. புதுப்பிப்பு வெற்றி என்று பச்சைக் குறியோடு செய்தி வரும்; உள்ளே பழைய எடைதான் இருக்கும். அந்த வியாபாரி 13 கிலோ வாங்கிவிட்டு 18 கிலோவுக்குப் பாக்கி இருப்பதாகச் சனிக்கிழமைப் பட்டியலில் நின்றுகொண்டிருந்தார் என்பதை நினைத்தபோது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. பூக்கடையில் அந்த ஐந்து கிலோவுக்காகப் பத்தாண்டுப் பழக்கம் முறிந்துபோகலாம்.

இந்த இடத்தில் பலர் ஒரு தவறான நம்பிக்கை வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். தரவு மாற்றத்தைக் கண்டறி என்று ஒரு வசதி அந்த அமைப்பில் இருக்கிறது. அதை இயக்கிவிட்டால் எந்தப் பழைய திருத்தமும் தானாக வந்துவிடும் என்று எண்ணுகிறார்கள். அப்படி வராது. புதுப்பிக்க வேண்டிய காலம் என்று நாம் குறித்த எல்லைக்குள் இருக்கும் நாள்களில் எவை மாறியுள்ளன என்று மட்டுமே அது பார்க்கும். ஒவ்வொரு பகுதியிலும் கடைசியாகத் திருத்திய நேரத்தின் உச்ச மதிப்பு முன்பு கண்ட மதிப்பிலிருந்து மாறியிருந்தால்தான் அந்தப் பகுதியை ஏற்றும். ஆகவே நான் எல்லையை 60 நாளாக நீட்டினேன். அதன்பின் இந்த வசதியை இயக்கினேன். அறுபது நாளில் மாறிய நாள்கள் மட்டும் ஏறுவதால் நேரமும் அதிகம் பிடிக்கவில்லை. இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. ஒரு பில்லை அடியோடு நீக்கிவிட்டால், அந்த நாளின் உச்ச மதிப்பு மாறாமலே இருந்துவிடக்கூடும். அப்போது நீக்கியது அறிக்கைக்குத் தெரியாது. அதனால் பில்லை நீக்கும் பொத்தானையே எடுத்துவிட்டு, ரத்து என்று குறிக்கும் ஒரு கட்டத்தை வைத்தேன். கணக்கேட்டில் வரியை அடிப்பதுண்டு, தாளைக் கிழிப்பதில்லை என்று அக்கா சொன்னார். அவருக்கு இதை விளக்கவே தேவைப்படவில்லை.

அடுத்தது ஊர்வாரிப் பட்டியல். வசூலுக்குப் போகிற பையன் மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, வாடிப்பட்டி என்று ஊர் ஊராகப் பிரித்த பட்டியலைத்தான் முதலாளியின் கைப்பேசியிலிருந்து வாங்கிக்கொண்டு கிளம்புவான். அந்தப் பட்டியலில் ரூ. 35,840 இல்லை. மேலே உள்ள மொத்தத்தில் இருக்கிறது, கீழே எந்த ஊரின் வரியிலும் இல்லை. அக்காவின் அறிக்கையிலோ, ஊர்ப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பிளாங்க், அதாவது காலி, என்று ஒரு வரி வந்து, அதில் ரூ. 21,480 நின்றது. ஒன்றில் காணாமல் போனதும் மற்றொன்றில் பெயரில்லாமல் நின்றதும் ஒரே பணமாக இருந்தால் தொகையும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆனால் இடையில் ரூ. 14,360 உதைத்தது.

பவர் பிஐயின் டெஸ்க்டாப் மென்பொருளில் பெர்ஃபார்மன்ஸ் அனலைசர் என்ற பலகம் இருக்கிறது. வேகத்தை அளப்பதற்காக வைத்தது என்றாலும், ஒவ்வொரு காட்சியும் அனுப்பும் கேள்வியை அதிலிருந்து நகலெடுத்துப் பார்க்க முடியும் என்பதே எனக்கு அதன் பெரிய பயன். ஊர்வாரிப் பட்டியல் அனுப்பிய எஸ்கியூஎல் வாக்கியத்தைப் படித்தபோது, பில் அட்டவணையும் வியாபாரி அட்டவணையும் இன்னர் ஜாயின் என்ற முறையில் இணைக்கப்பட்டிருந்தன. அதாவது இரண்டு பக்கமும் பொருந்தும் வரிகள் மட்டும் வரும். துணையில்லாத வரி விழுந்துவிடும். வேகத்துக்காக நான்தான் அந்த உறவில், தரவின் தொடர்புகள் முழுமையாக இருப்பதாக எடுத்துக்கொள் என்ற தேர்வைக் குறியிட்டிருந்தேன். டைரக்ட் குவெரி அட்டவணைகளுக்கு மட்டும் தோன்றும் தேர்வு அது. பில் இருந்தால் வியாபாரியின் பதிவும் கட்டாயம் இருக்கும் என்று மென்பொருளுக்கு நாம் கொடுக்கும் உறுதிமொழி அது. அந்த உறுதிமொழியை மென்பொருள் சரிபார்ப்பதில்லை.

மார்க்கெட்டின் நடைமுறையோ வேறு. அதிகாலை நான்கு மணிக்குப் புதிதாக ஒருவர் வந்து பத்துக் கிலோ பிச்சி கேட்டால், அவருக்கு எண் போட்டுப் பெயர் பதிந்துகொண்டிருக்க யாருக்கும் நேரமில்லை. வியாபாரி எண்ணைக் காலியாக விட்டுப் பில் போடுவார்கள். மதியம் அக்கா பதிவு செய்வார். சில நேரம் மறந்தும் போகும். அப்படி எண் இல்லாமல் நின்ற பில்களின் தொகைதான் ரூ. 21,480. இம்போர்ட் முறையில் துணையில்லாத பில்களை மென்பொருள் பிளாங்க் என்ற வரியில் சேர்த்துக் காட்டிவிட்டது. டைரக்ட் குவெரியில் நான் போட்ட குறியினால் அவை பட்டியலிலிருந்தே விழுந்தன. குறியை எடுத்ததும் அங்கேயும் பிளாங்க் வரி வந்தது. பட்டியல் திறக்க ஓரிரு விநாடி கூடுதலாகிறது; இருக்கட்டும். வசூல் பட்டியலில் ஒருவர் விடுபடுவதைவிட அது மேல்.

இடையில் உதைத்த ரூ. 14,360 மட்டும் நான்கு நாளில் இரண்டு நாளைத் தின்றது. பிளாங்க் வரி இப்போது இரண்டிலும் இருக்கிறது. ஆனால் கைப்பேசியில் ரூ. 35,840, அக்காவிடம் ரூ. 21,480. அதாவது எண் காலியாக இல்லாத சில பில்களும் கைப்பேசி அறிக்கைக்குத் துணையில்லாதவையாகத் தெரிகின்றன. அவற்றைப் பட்டியலிட்டபோது மூன்று வியாபாரிகள் கிடைத்தார்கள். மூவருக்கும் பதிவு இருக்கிறது, ஊரும் இருக்கிறது. எண்ணும் சரியாகத்தான் இருக்கிறது என்று அக்கா அடித்துச் சொன்னார். திரையை நெருங்கிப் பார்த்த பிறகே தெரிந்தது: கடையில் வியாபாரி எண் என்பது ஊரைக் குறிக்கும் மூன்று ஆங்கில எழுத்துகளும் இரண்டு இலக்கங்களும் சேர்ந்தது. பதிவேட்டில் அவை பெரிய எழுத்தில் இருந்தன. அதிகாலையில் பில் போடும் பையன், விசைப்பலகையில் பெரிய எழுத்துக்கான விசையை அழுத்தாத நாள்களில், சிறிய எழுத்தில் அடித்திருக்கிறான்.

போஸ்ட்கிரெஸ் பொதுவாகப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வேறு வேறாகவே பார்க்கும். எனவே டைரக்ட் குவெரியில் அந்தப் பில்கள் பதிவேட்டோடு பொருந்தவில்லை. வெர்டிபாக் இயந்திரம் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். ஆகவே இம்போர்ட்டில் பொருந்திவிட்டன. அதுமட்டுமன்று: ஒரு சொல்லை முதன்முதலில் எந்த வடிவத்தில் சந்திக்கிறதோ அந்த வடிவத்தையே தன் அகராதியில் வைத்துக்கொண்டு, பிறகு வரும் எல்லா வடிவங்களுக்கும் அதையே காட்டும். அக்காவின் அறிக்கையில் ஒரு வியாபாரியின் எண், அக்காவே பெரிய எழுத்தில் அடித்த பில்களிலும், சிறிய எழுத்தில் தெரிந்ததற்கு இதுதான் காரணம். தாம் அப்படி அடிக்கவே இல்லை என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். நான் அதைக் கவனிக்காமல் விட்டிருந்தேன். அன்றே கவனித்திருந்தால் இரண்டு நாள் மிச்சமாகியிருக்கும்.

எழுத்தின் பின்னால் ஒட்டிக்கொள்ளும் இடைவெளியும் இதே இனத்தைச் சேர்ந்த பிழை. இம்போர்ட்டில் ஏற்றும்போது சொல்லின் கடைசியில் உள்ள இடைவெளிகளை இயந்திரம் தானாகவே வெட்டிவிடும். முன்னால் உள்ளவற்றை விட்டுவிடும். தரவுத்தளம் அவ்வாறு வெட்டித் தருவதில்லை. தரவை ஏற்றுமுன் ஒழுங்குபடுத்தும் பவர் குவெரியும் எழுத்து வடிவ வேறுபாட்டைப் பார்க்கும் என்பதால், அங்கே இரட்டிப்புகளை நீக்கிவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கும் பதிவேடு, ஏறியபின் இரட்டிப்பு இருக்கிறது என்று பிழை காட்டுவதும் உண்டு. இவை எல்லாவற்றுக்கும் மருந்தைத் தரவுத்தளத்திலேயே இட்டேன்: பில் அட்டவணையில் வியாபாரி எண் ஏறும்போதே இடைவெளியை வெட்டிப் பெரிய எழுத்தாக்கும்படி செய்து, அவ்வாறு இல்லாத எண்ணை ஏற்க மறுக்கும் கட்டுப்பாட்டையும் வைத்தேன். அறிக்கையில் சரிசெய்வது எளிது. ஆனால் இரண்டு அறிக்கைகளில் இரண்டு இடத்தில் சரிசெய்தால், மூன்றாவதாக ஒன்று செய்யும் நாளில் மறுபடி இதே வேறுபாடு வரும்.

வியாபாரிகளின் எண்ணிக்கை பொருந்தாததும் இதனால்தான். அக்காவின் அறிக்கையில் 212, கைப்பேசியில் 215, நான் தரவுத்தளத்தில் நேரடியாகக் கேட்டபோது 214. சிறிய எழுத்தில் நின்ற மூவர் 212க்கும் 215க்கும் இடையிலான வேறுபாடு. மீதி ஒன்று, நான் சாட்சியாக அழைத்த தரவுத்தளத்தின் வழக்கத்தால் வந்தது: தனித்த மதிப்புகளை எண்ணும்போது பவர் பிஐ காலி மதிப்பையும் ஒன்றாக எண்ணும், எஸ்கியூஎல் எண்ணாது. காலியை விட்டு எண்ணுவதற்கென்றே பவர் பிஐயில் தனிச் செயற்கூறு உண்டு, அதற்கு மாற்றினேன்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு குறை மிச்சமிருந்தது. அக்காவின் அறிக்கையில் இன்றைய விற்பனை என்ற கட்டம் காலையில் நேற்றைய தொகையைக் காட்டுகிறது என்று முதலாளி சொன்னார்; அக்காவோ அப்படி ஒருநாளும் பார்த்ததில்லை என்றார். இருவரும் சொன்னது உண்மை. அதைக் காண்பதற்காக ஒருநாள் அதிகாலை நான்கு மணிக்கு மார்க்கெட்டுக்குப் போனேன். குழல்விளக்கு வெளிச்சத்தில் ஈரச் சாக்குகளை அவிழ்த்து மல்லியைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். தராசுக்குப் பக்கத்தில் நின்று முதலாளியின் கைப்பேசியில் அக்காவின் அறிக்கையைத் திறந்தேன். நான்கு மணிக்குத்தான் அது புதுப்பிக்கப்பட்டிருந்தது, அன்றைய பில்களும் உள்ளே இருந்தன. ஆனாலும் இன்றைய விற்பனை என்ற கட்டத்தில் நேற்றைய தொகையே நின்றது. ஐந்தரை மணி தாண்டியதும் பக்கத்தை மீண்டும் திறந்தேன். சரியான தொகை வந்தது.

இன்றைய தேதியைத் தரும் டுடே என்ற செயற்கூறு, என் கணினியில் இந்திய நேரத்தைப் பார்க்கும். அறிக்கையை இணையத்தில் ஏற்றியபின் அங்கே உலகப் பொது நேரத்தைப் பார்க்கும். நமக்கு அதைவிட ஐந்தரை மணி நேரம் முந்தி விடிகிறது. ஆகவே நள்ளிரவு முதல் காலை 5.30 வரை அந்த அறிக்கைக்கு இன்னும் நேற்றுதான். கைப்பேசி அறிக்கையிலோ இன்று எது என்பதைத் தரவுத்தளத்தில் கொல்கத்தா நேர மண்டலத்தை வைத்தே கணக்கிட்டிருந்தேன்; அதனால் அதில் பிழை வரவில்லை. பத்து மணிக்குத் திறக்கும் அலுவலகங்களில் இந்தப் பிழை ஆண்டுக்கணக்கில் கண்ணில் படாமல் இருந்துவிடலாம். பெரும்பாலான பில்கள் விடியுமுன் போடப்படும் பூ மார்க்கெட்டில் அது ஒவ்வொரு நாளும் நடந்தது; ஒன்பது மணிக்கு வரும் அக்காவுக்கு மட்டும் தெரியவில்லை. உலகப் பொது நேரத்தை வெளிப்படையாக வாங்கி, ஐந்தரை மணியைக் கூட்டி, அதிலிருந்து தேதியை எடுக்கும்படி சூத்திரத்தை மாற்றினேன்.

அன்று அங்கே நின்றபோது இன்னொன்றையும் பார்த்தேன். பில்கள் மளமளவென்று ஏறும் நேரத்தில், டைரக்ட் குவெரிப் பக்கத்தின் மேற்கட்டமும் கீழ்ப்பட்டியலும் தனித்தனிக் கேள்விகளை அனுப்புவதால், இரண்டுக்கும் இடையே ஒரு பில் ஏறிவிட்டால் ஒரே பக்கத்துக்குள்ளேயே தொகைகள் பொருந்தாது. இது பிழையன்று, அந்த முறையின் இயல்பு. முதலாளியிடம் இதைச் சொன்னபோது, “தராசுல பூ ஏறிக்கிட்டிருக்கும்போது முள்ளு ஆடத்தானே செய்யும்” என்றார்.

வியாபாரி பதிவேட்டை மட்டும் இம்போர்ட்டாக மாற்றி, பில்களை டைரக்ட் குவெரியிலேயே விட்டுப் பார்க்கவும் முயன்றேன். அப்படி மாற்றினால் திரும்ப மாற்ற முடியாது என்ற எச்சரிக்கை வரும் என்பதால் கோப்பின் நகலில்தான் செய்தேன். இரு முறைகளுக்கு இடையே பாலம் போடும் அத்தகைய உறவு வரம்புள்ள உறவாகிவிடுகிறது. அதில் பிளாங்க் வரி வருவதில்லை. மொத்தத்தில் பணம் இருந்தும் வரிகளில் இல்லாத பழைய நிலைமையே திரும்பியது. அந்த நகலை அழித்துவிட்டேன்.

இப்போது இரண்டு அறிக்கைகளிலும் கடைசியில் ஒரு சிறு பக்கம் இருக்கிறது. முடிந்த மாதத்தின் பில் எண்ணிக்கை, மொத்தத் தொகை, வியாபாரிகளின் எண்ணிக்கை, எண் இல்லாத பில்களின் தொகை, உள்ளே இருக்கும் தரவில் கடைசியாகத் திருத்திய நேரம் ஆகிய ஐந்தும் அதில் வரும். புதுப்பித்த நேரத்தைப் போடாமல் தரவுக்குள் இருக்கும் திருத்திய நேரத்தைப் போட்டதற்குக் காரணம், அந்த மல்லி பில்தான். அக்கா மாதத்தின் முதல் சனிக்கிழமை இரண்டு பக்கங்களையும் பக்கத்தில் வைத்து, ஐந்தையும் தம் நோட்டில் எழுதிக்கொள்கிறார். செப்டம்பர் கணக்கில் நான்கு பொருந்தின. எண் இல்லாத பில்களில் ரூ. 900 நின்றது. மாலைக்கு அரளி வாங்கிய புது ஆள் ஒருவருடைய பில் அது. அன்று மதியமே அவருக்கு எண் போட்டுவிட்டதாக அக்கா அழைத்துச் சொன்னார்.